பேரிடருக்குப் பிறகு மனசைத் தேற்றிக்கொள்வது: எதை, எப்போது, எப்படி

வெள்ளமோ புயலோ நிலநடுக்கமோ வந்து போனபின், வீட்டை எப்படிச் சுத்தம் செய்வது, எங்கே மனு கொடுப்பது என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். மனசு என்று வந்தால் மட்டும் "தைரியமா இருங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து வடிந்தபோது நானும் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டது இதுதான்: மனம் தேறுவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதல் வாரத்துக்கு உரியது வேறு, மூன்றாம் மாதத்துக்கு உரியது வேறு. மாற்றிச் செய்தால் உழைப்பும் பணமும் வீண், சில சமயம் கெடுதலும்கூட.

ஒன்று மட்டும் இந்த வரிசைக்குள் வராது. செத்துவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ வந்தால் எந்தப் படிக்கும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். அந்த நபரைத் தனியாக விடாதீர்கள். "அப்படி ஏதாவது தோணுதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பயப்படாமல் கேளுங்கள்.

1. முதல் சில நாட்கள்: உடம்பைக் கவனியுங்கள்

கை நடுக்கம், பசியின்மை, நினைத்த மாத்திரத்தில் அழுகை, அல்லது அழுகையே வராத மரத்துப்போன நிலை, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுவது, வீட்டிலுள்ளவர்கள்மேல் எரிந்து விழுவது, சாவியை எங்கே வைத்தோம் என்றுகூட நினைவில்லாமல் போவது. முதல் நாட்களில் இதெல்லாம் வந்தால் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பதறாதீர்கள். ஆபத்து போன பிறகும் உடம்பு இன்னும் ஓடத் தயாராகவே நிற்கிறது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட நிகழ்வுகளில் சிக்கிய கிட்டத்தட்ட எல்லோருக்குமே ஏதோ ஒரு வகையில் மனக்கலக்கம் வரும், பெரும்பாலோருக்கு அது நாள்போக்கில் தணியும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

இந்த நாட்களில் மனசுக்கான மருந்து எல்லாம் உடம்பு வழியாகத்தான் போகும். பாதுகாப்பான கூரை, குடிதண்ணீர், நேரத்துக்குச் சாப்பாடு, உலர்ந்த துணி, வீட்டார் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற செய்தி. இவை கிடைக்காத நிலையில் தியானம் செய்யுங்கள் என்று ஒருவர் சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

படபடப்பு ஏறும்போது மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள். சில நிமிடம் போதும். மனசு அந்த நேரத்துக்கே திரும்பத் திரும்ப ஓடினால், கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள், தொட முடிந்த நான்கு, காதில் விழும் மூன்று சத்தம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் கவனத்தை இங்கே, இப்போதைக்கு இழுத்து வர இது உதவும். நிலநடுக்கத்துக்குப் பிறகு தரை ஆடாதபோதும் ஆடுவதுபோலப் பலருக்குத் தோன்றும். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்துப் பாருங்கள். தண்ணீர் அசையாவிட்டால் தரையும் அசையவில்லை.

எச்சரிக்கை ஒன்று. நெஞ்சுவலி, இடது கையில் அல்லது தாடையில் வலி, மூச்சுத்திணறல் வந்தால் "டென்ஷன்தான்" என்று தள்ளிவிடாதீர்கள். 1994 ஜனவரி 17 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அருகே நார்த்ரிட்ஜில் நிலநடுக்கம் வந்தபோது, அந்த வட்டாரத்தில் சராசரியாக நாளொன்றுக்கு 5-க்கும் குறைவாக இருந்த திடீர் இதயநோய் மரணங்கள் அந்த ஒரே நாளில் 24 ஆயின. அதிர்ச்சி இதயத்தையும் தாக்கும். முதலில் இசிஜி, மனசு பிறகு.

2. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவரா? இது இரண்டாவது நாள் வேலை

மன அழுத்தம், வலிப்பு, இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு என்று முன்பே மருந்தில் இருப்பவர்களுக்கு மாத்திரை அடித்துக்கொண்டு போனதுதான் உடனடி ஆபத்து. பல மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பும் மனசும் சேர்ந்து முரண்டு பிடிக்கும். முகாமில் ஒரு மருத்துவர் கண்ணில் பட்டதும் முதல் வேலையாக இதைச் சொல்லுங்கள்.

மருந்துச் சீட்டு இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். காலி அட்டை, ஃபோனில் எப்போதோ எடுத்த படம், மருந்துக் கடையின் பழைய பில், வெளியூரில் இருக்கும் உறவினருக்கு நீங்கள் அனுப்பியிருந்த வாட்ஸ்அப் படம், எது கிடைத்தாலும் போதும். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, கடைசியாக எப்போது சாப்பிட்டது: இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருமுனைக் கோளாறுக்காக லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் அதன் அளவு ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். பேரிடருக்குப் பிறகு வயிற்றுக் கோளாறு சகஜம் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

3. பேசலாம், ஆனால் யாரும் பேச வைக்கக்கூடாது

இந்த இடத்தில்தான் நல்லெண்ணத்தோடு வருபவர்களே தொல்லையாகிவிடுகிறார்கள். "எல்லாத்தையும் கொட்டிடு, பாரம் குறைஞ்சிடும்" என்று உட்கார வைத்து, நடந்ததை நிமிடம் நிமிடமாகச் சொல்லச் சொல்வார்கள். நிகழ்வு நடந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் ஒரே தடவை உட்கார வைத்து இப்படிச் சொல்ல வைக்கும் முறை முன்பு பரவலாக இருந்தது. ஆராய்ந்து பார்த்ததில் பின்னாளைய மனநோயை அது தடுக்கவில்லை, சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் கூடும் என்று தெரிந்ததால் அதை இப்போது பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பதிலாக வந்ததுதான் உளவியல் முதலுதவி. இதில் மூன்றே வேலை: என்ன தேவை என்று பார்ப்பது, சொன்னால் கேட்பது, உரிய உதவியோடு சேர்த்துவிடுவது. இதைச் செய்ய மருத்துவராக இருக்க வேண்டியதில்லை.

அதனால் உங்களுக்குப் பேசத் தோன்றினால், நம்பிக்கையான ஒருவரிடம், தோன்றும் அளவுக்குப் பேசுங்கள். தோன்றாவிட்டால் "இப்ப வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேமராவோடு வருபவர்களுக்கும் இதே பதில்தான். நிவாரணப் பொருள் வாங்கினோமே என்பதற்காகப் பேட்டி கொடுக்க வேண்டிய கடன் யாருக்கும் இல்லை. பிள்ளைகளைப் படம் எடுக்க விடாதீர்கள்.

நீங்கள் கேட்கும் இடத்தில் இருந்தால் "உயிர் பிழைச்சதே பெருசு", "அவங்களைப் பாரு, உன்னைவிட எவ்வளவு இழந்திருக்காங்க" என்ற இரண்டையும் தவிர்த்தாலே பாதி நல்லது செய்ததாக அர்த்தம். பக்கத்தில் உட்காருங்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

அப்புறம் ஃபோன். முதல் நாட்களில் எச்சரிக்கை அறிவிப்புக்காகப் பார்த்தே ஆக வேண்டும், சரி. ஆனால் அடித்துப் போகும் வீடுகளின் வீடியோவை நூறு தடவை பார்ப்பது தகவல் தெரிந்துகொள்வது ஆகாது. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, அதுவும் அதிகாரபூர்வமான ஒரே இடத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கைக்கு முன் வேண்டவே வேண்டாம்.

4. தாள் வேலைக்கு ஒரு ஃபைல், ஒரு நோட்டு, ஒரு நேரம்

மனசைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். முதல் வாரம் கழிந்தபின் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த நாளின் நினைவு மட்டும் அல்ல. நிவாரண மனு என்னாயிற்று, காப்பீட்டுக்காரர் ஏன் எடுக்கவில்லை, பள்ளிச் சான்றிதழுக்கு என்ன செய்வது, வாடகை எப்படி என்ற சுழற்சிதான். இந்தச் சுமையைக் குறைத்தால் மனச்சுமை கண்கூடாகக் குறையும். என் அனுபவத்தில் இதற்கு ஈடான சிகிச்சை வேறு இல்லை.

கழுவுவதற்கு முன் சேதத்தைப் படம் எடுங்கள். தண்ணீர் ஏறிய மட்டம் சுவரில் தெரியும்படி ஒரு படம், ஒவ்வொரு அறைக்கும் ஒன்று, பெரிய பொருள்களுக்குத் தனித்தனியாக. படங்களை உடனே வெளியூர் உறவினர் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். ஃபோன் போனாலும் படம் இருக்கும்.

ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் அடையாள அட்டை நகல்கள், வங்கிப் புத்தக முதல் பக்கம், வீட்டு உரிமை அல்லது வாடகைத் தாள், காப்பீட்டு எண், பாஸ்போர்ட் சைஸ் படங்கள், கொடுத்த ஒவ்வொரு மனுவின் ஒப்புகைச் சீட்டு. எது தொலைந்தது என்பதற்கும் ஒரு பட்டியல். எல்லாவற்றுக்கும் முதலில் அடையாள அட்டையை மறுபடி வாங்குங்கள், மற்றவை அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும். நகலைக் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள்.

நோட்டில் தேதி, எந்த அலுவலகம், எந்த மேசை, என்ன சொன்னார்கள், அடுத்து எப்போது வரச் சொன்னார்கள். இந்த நாட்களில் ஞாபகம் காலை வாரிவிடும். ஆகவே "நினைவில் இருக்கும்" என்று எதையும் விடாதீர்கள். கடைசித் தேதி உள்ள மனுக்களை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சேதத்தைத் தெரிவிக்கக் கெடு உண்டு. முழுக் கணக்கு தயாராகாவிட்டாலும் "சேதம் நடந்திருக்கிறது" என்ற முதல் தகவலை உடனே பதிந்து எண்ணை வாங்கிவிடுங்கள்.

இதற்கெல்லாம் பகலில் ஒரு குறிப்பிட்ட நேரத்தை ஒதுக்குங்கள். அந்த நேரம் முடிந்ததும் ஃபைலை மூடிவிடுங்கள். இரவு பத்து மணிக்குத் தாளை விரித்தால் அன்றைய தூக்கம் போச்சு. அலைச்சலை வீட்டில் ஒருவர் தலையிலேயே கட்டாதீர்கள், மாறி மாறிப் போங்கள்.

இதில் விழுந்துவிடக்கூடிய குழிகள் இரண்டு. "பணம் கொடுத்தால் சீக்கிரம் வாங்கித் தருகிறேன்" என்று வருபவர் ஒன்று. மனம் கலங்கியிருக்கும்போது எடுக்கும் பெரிய முடிவு மற்றொன்று. நிலத்தை விற்பது, ஊரைவிட்டே போவது, வேலையை விடுவது, பெரிய கடன் வாங்குவது ஆகியவற்றைத் தள்ளிப்போட முடியும் என்றால் சில மாதம் தள்ளிப்போடுங்கள். முடியாது என்றால், இந்தப் பேரிடரில் பாதிக்கப்படாத ஒருவரிடம் தாளைக் காட்டிவிட்டு மறுநாள் கையெழுத்துப் போடுங்கள்.

5. தூக்கம்

படுக்கும் நேரம் எதுவாக இருந்தாலும் எழும் நேரத்தை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். காபி, டீயில் உள்ள காஃபீன் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அதனால் மதியத்தோடு நிறுத்துங்கள். அரைமணி நேரம் புரண்டும் வரவில்லையா, எழுந்து மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது செய்துவிட்டுத் தூக்கம் வந்ததும் திரும்புங்கள். மழைச் சத்தம் கேட்டாலே விழிப்பு வருகிறது என்றால் வீட்டார் முறை வைத்து விழித்திருக்கலாம். யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்ற எண்ணமே கண்ணை மூட வைக்கும்.

மது குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும், பின்னிரவில் அதுவே எழுப்பிவிடும். யாரோ கொடுத்த தூக்க மாத்திரையும் வேண்டாம். பேரதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில், அதனால் வரும் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் டயசெபாம், அல்பிரசோலம் போன்ற பென்சோடயசெபின் வகை மாத்திரைகளைக் கொடுக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. முன்பிருந்தே அந்த மாத்திரையில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் தானாக நிறுத்துவது இன்னொரு ஆபத்து.

6. பிள்ளைகளும் பெரியவர்களும்

சின்னப் பிள்ளைக்கு, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வரும். விரல் சூப்பும். அம்மாவின் புடவையை விடாது. வெள்ளத்தையே விளையாட்டாக விளையாடும், வீடு கட்டி இடிக்கும். திட்டாதீர்கள், கிண்டலும் வேண்டாம். பெரும்பாலும் சில வாரங்களில் போய்விடும். கேட்ட கேள்விக்கு உண்மையான, சின்ன பதில் சொல்லுங்கள். "இனிமே வரவே வராது" என்று சத்தியம் செய்யாதீர்கள். "வந்தா என்ன செய்யணும்னு நமக்குத் தெரியும்" என்பது பொய் இல்லாத பதில். பள்ளி திறந்தவுடன் அனுப்பிவிடுங்கள், புத்தகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சாப்பாடு, விளையாட்டு, தூக்கம் மூன்றும் பழைய நேரத்துக்கு வந்தால் பிள்ளை பாதி தேறிவிடும்.

பதின்பருவத்தினர் ஒன்றும் நடக்காததுபோல இருப்பார்கள். தனியாகக் கதவடைத்துக் கொள்வது, வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவது, குடி ஆகியவற்றைக் கவனியுங்கள். அவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பது பேச்சைவிட நன்றாக உதவும்.

முதியவர்கள் விஷயத்தில் ஒன்றே ஒன்று: தெரிந்த முகங்களிடமிருந்து பிரிக்காதீர்கள். 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு தற்காலிக வீடுகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கியதில் பழைய அக்கம்பக்கம் சிதறி, வயதானவர்கள் யாரும் அறியாமல் தனியே இறந்துபோன நிகழ்வுகள் ஜப்பானில் பெரிய கவலையாயின. 2011 சுனாமிக்குப் பின் இவானுமா என்ற ஊரில் தெருவோடு சேர்ந்து இடம் மாறியவர்களிடம், தனித்தனியாக மாறியவர்களைப்போல் இல்லாமல், ஒருவரோடொருவர் பழகுவது குறையாமல் இருந்தது. மாற்று வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது தெருக்காரர்கள் சேர்ந்து ஒரே மனுவாகக் கேட்டுப் பாருங்கள்.

7. ஒரு மாதம் ஆனதும் கணக்குப் பாருங்கள்

நாட்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். அன்று வீட்டிலுள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்க வேண்டியவை: அந்தக் காட்சி விழிப்பிலோ கனவிலோ இன்னும் அப்படியே வருகிறதா? அந்த இடத்தையும் பேச்சையும் அறவே தவிர்க்கிறாரா? எப்போதும் திடுக்கிட்ட நிலையிலேயே இருக்கிறாரா? தன்னால்தான் எல்லாம் என்று குற்றவுணர்வில் கிடக்கிறாரா? எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறாரா? குடி கூடியிருக்கிறதா?

ஒரு மாதத்துக்கு மேல் இவை தொடர்ந்து, வேலையையோ வீட்டையோ பார்க்க முடியாமல் செய்தால் மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போக வேண்டிய நேரம். பிடிஎஸ்டி என்னும் அதிர்ச்சிக்குப் பிந்தைய நோயை மருத்துவர்கள் ஒரு மாதத்துக்கு முன் உறுதிசெய்வதில்லை என்பதால்தான் இந்தக் கெடு. நிலைமை நாளுக்கு நாள் மோசமாகிறது என்றால் கெடுவைப் பார்க்காமல் உடனே போங்கள். மாறாக, ஆறு மாதம் கழித்தே முழுதாக வெளிப்படுவதும் உண்டு. உயிரைப் பறிகொடுத்த வீட்டில் துக்கத்துக்கு ஒரு மாதக் கணக்கு செல்லாது, அது நீண்டுதான் போகும்.

8. உதவி தேடிப் போகும்போது: தாள், செலவு, காலம்

முதலில் இலவசமாகக் கிடைப்பதைத் தேடுங்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, முகாமுக்கு வரும் ஆலோசகர்கள், தொலைபேசி உதவி எண்கள், பள்ளி ஆலோசகர், உளவியல் துறை உள்ள பல்கலைக்கழகங்கள், தொண்டு நிறுவனங்கள். பேரிடர்ப் பகுதியில் சில மாதங்களுக்கு இவை கூடுதலாக இருக்கும், அப்புறம் கூடாரத்தைச் சுருட்டிக்கொள்வார்கள். பிறகு யாரிடம் தொடர்வது என்ற பெயரையும் எண்ணையும் இருக்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். உங்களைப் பற்றிய ஒரு சுருக்கக் கடிதமும் கேளுங்கள். அது இல்லாவிட்டால் புது இடத்தில் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும், அந்த வேதனையே பலரைப் பாதியில் நிறுத்திவிடுகிறது.

கையில் கொண்டுபோக வேண்டியது அதிகமில்லை. அடையாள அட்டை நகல் (இல்லாவிட்டால் பேரிடரில் தொலைந்தது என்று சொல்லுங்கள்), சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், பழைய சீட்டு இருந்தால் அது, காப்பீட்டு அட்டை, அப்புறம் அரைப்பக்கக் குறிப்பு. குறிப்பில் எப்போதிலிருந்து, தூக்கம் எத்தனை மணி நேரம், எதைச் செய்ய முடியவில்லை என்று எழுதுங்கள். உள்ளே போனதும் வாயடைத்துப்போனால் அந்தத் தாளை நீட்டினால் போதும்.

தனியாரிடம் போவதானால் முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்: ஒரு அமர்வுக்கு எவ்வளவு, எத்தனை அமர்வு ஆகலாம், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா, வர முடியாமல் போனால் பணம் பிடிப்பீர்களா, ரசீது தருவீர்களா, என்ன படிப்பு, எங்கே பதிவு, அதிர்ச்சிக்கான சிகிச்சையில் பயிற்சி உண்டா, நான் சொல்வது வெளியே போகாது என்பதற்கு என்ன ஏற்பாடு? இதற்கெல்லாம் முகம் சுளிப்பவரிடம் போகாமல் இருப்பதே மேல். காப்பீடு மனநலச் செலவை ஏற்குமா, முன் அனுமதி வேண்டுமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். "ஒரே நாளில் பயம் போகும்" என்ற கட்டண முகாம்களை நம்பாதீர்கள்.

எவ்வளவு காலம் ஆகும்? பிடிஎஸ்டிக்கு, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) வழக்கமாக 8 முதல் 12 அமர்வுகள். கண்களை இடமும் வலமும் அசைத்தபடி அந்த நினைவைக் கையாள வைக்கும் இஎம்டிஆர் என்ற முறையும் ஏற்கப்பட்டதுதான். முதலில் சொன்ன சிகிச்சையில் நடந்ததை விரிவாகச் சொல்ல வைப்பார்கள். மூன்றாம் படியில் நான் எச்சரித்தது முதல் நாட்களின் கட்டாயப் பேச்சை. இது பயிற்சி பெற்றவர் துணையோடு, உங்கள் சம்மதத்தோடு, படிப்படியாக நடப்பது. தொடக்கத்தில் சில வாரம் கனவுகள் கூடலாம், அதைப் பார்த்துப் பாதியில் விட்டுவிடாமல் அவரிடமே சொல்லுங்கள். மனஅழுத்த மருந்து எழுதிக் கொடுத்தால் அது வேலை செய்யச் சில வாரம் எடுக்கும். நாலு நாளில் பலனில்லை என்று நிறுத்தாதீர்கள், நன்றாக இருக்கிறது என்று நீங்களாகவும் நிறுத்தாதீர்கள்.

9. எல்லோரும் போனபின்

முதல் வாரங்களில் ஊரே ஒன்றாக நிற்கும், முன்பின் தெரியாதவர்கள் சாப்பாடு கொண்டுவருவார்கள். பிறகு வண்டிகள் குறையும், செய்தி மாறும், நிவாரணப் பட்டியலில் பெயர் வந்தவருக்கும் வராதவருக்கும் பகை மூளும். பலருக்குக் கடும் சோர்வு வருவது இந்தக் கட்டத்தில்தான். உங்களுக்கு மட்டும் இரண்டாம் மாதத்தில் மனசு விழுந்துவிட்டதாக எண்ண வேண்டாம், வரப்போகிறது என்று தெரிந்து முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். வாரத்தில் ஒருநாள் உங்களை ஃபோனில் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று ஒருவரிடம் சொல்லி வையுங்கள். தெருவில் நாலு வீடு சேர்ந்து வாரம் ஒருமுறை உட்காருங்கள், பேச விஷயம் இல்லாவிட்டால் மனு நிலவரத்தைப் பேசுங்கள்.

ஓராண்டு நிறையும் தேதியும், அதே பருவத்தின் முதல் மழையும் பழைய படபடப்பைத் திரும்பக் கொண்டுவரும். அந்த வாரத்தில் முக்கிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள், அன்று யாரோடு இருப்பது என்று முன்பே பேசிவைத்துவிடுங்கள். பருவம் தொடங்குமுன் ஒரு நாள் குடும்பத்தோடு உட்கார்ந்து ஃபைல், மாத்திரை, டார்ச், பவர் பேங்க் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, எந்த வழியாக எங்கே போவது என்று நடந்தே பாருங்கள். பையைத் தூக்குவது யார் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.